உப்பிட்டவள்

காசிமேட்டில் அக்கா தேசம்மா
நெத்திலிக்கு உப்புப் போடும் நேரத்தில்
பறக்கும் ரயில் பிடித்துத் திருவான்மியூர் வந்து
ஆய்வகத்து மொட்டைமாடியில்
சோயாச் செடிகளுக்கு நான் உப்புப் போடுகிறேன்.

அவளுக்குக் கைதான் அளவு.
எனக்குத் தராசு:
லிட்டருக்கு ஐந்து கிராம், புள்ளி எட்டு நான்கு.
அவள் உப்பு மீனைக் கெடாமல் காக்கும்.
என் உப்பு கெடுப்பதற்கென்றே வாங்கியது.

"துன்ற பயிருக்கு உப்பக் கொட்டி
சாவுதா பொழைக்குதான்னு பாக்கறதுக்கு
சம்பளம் வேற குடுக்குறாங்களாடி?"
குடுக்குறாங்க அக்கா.
மூணு மாசத்துக்கு ஒருவாட்டி.

பூஞ்சை எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை.
ஐப்பசி ஈரத்தில், கூடையின் அடியில்
ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் போதும்,
முப்பது கிலோ கருவாடு கோழித் தீவனம்.
அந்த வெள்ளையை விரட்டத்தான் உப்பு என்று
எழுத்துக் கூட்டப் பழகுமுன்பே தெரியும் எனக்கு.
இங்கே அதன் தூரத்து உறவை
விதைக்கு அடியில் இரண்டு கரண்டி
பாய் விரித்ததுபோல் பரப்பி வைக்கிறேன்,
உப்பை நீ விரட்டு என்று.

அது வேருக்குள் நுழைந்து குடியிருக்கும்.
தனியே பிழைக்கத் தெரியாது அதற்கு.
செடி சமைத்த சர்க்கரையில் பங்கு கேட்கும்;
பதிலுக்கு, வேர் எட்டாத சந்துபொந்தெல்லாம்
முடியைவிட மெல்லிய விரல் நீட்டித்
தண்ணீரும் மணிச்சத்தும் இழுத்து வரும்.
சோடியத்தைக் கீழேயே மடக்கிவிட்டுச்
சாம்பல்சத்தை இலைக்கு ஏற்றிவிடும்.
எங்கள் துறையின் ஏலத் தரகர் கேட்டால் சிரிப்பார்.
நூற்றுக்குப் பத்து எடுக்கும் அவர்
வலை கிழிந்தால் ஊசிகூடத் தரமாட்டார்.

மே மாதம். வெயில் தலைக்குள் இறங்கிய ஒரு மதியம்
வரிசைகளைப் பார்த்துக் குழம்பி நின்றேன்.
உப்பு உண்டு, பூஞ்சை உண்டு: குட்டை, ஆனால் பச்சை.
உப்பு உண்டு, பூஞ்சை இல்லை: பழைய செய்தித்தாள்.
இதுவரை சரி.
ஆனால் உப்பே காட்டாத வரிசை,
ஒப்பிட்டுப் பார்க்கவென்று
நல்ல தண்ணீரில் நான் வளர்த்த வரிசை,
அதுவும் இலை ஓரம் கருகி நின்றது.

தண்ணீர் ஊற்றும் ஏகாம்பரம்
பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:
"காய்ச்சி வடிக்கிற மிஷின் ரிப்பேரும்மா.
ஒரு மாசமா போர்த் தண்ணிதான்.
கேன்டீன்ல டீயே அதுலதான போடுறாங்க."

மீட்டரை முக்கினேன்.
துடைத்துவிட்டு மறுபடி முக்கினேன்.
நான் தராசில் நிறுத்த உப்பில் பாதியைக்
கடல் ஏற்கெனவே ஊற்றியிருந்தது.

அந்த வரிசையிலும்
பூஞ்சை வைத்த ஐந்து தொட்டிகள் மட்டும்
ஒன்றும் தெரியாததுபோல் பூ விட்டிருந்தன,
ஊதா, அரிசி முனையளவு.

"ஒப்பீடு போச்சு, முதல்லேர்ந்து ஆரம்பி" என்றார் வசுந்தரா மேடம்.
அவர் சொன்னது நியாயம்தான்.
ஆனால் எனக்குத் தோன்றியது:
அந்த ஐந்தும் எந்த ஆய்விலும் இருக்கவில்லை.
சும்மா சென்னையில் இருந்திருக்கின்றன.

எல்லாவற்றையும் பிடுங்கிக் கழுவினேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்;
என்னை என்னவென்று நினைத்திருக்கும் இது?
பேனா மையும் வினிகரும் கலந்து
வேரை ஊறவைத்து, நறுக்கி, கண்ணாடியில் ஏற்றிப் பார்த்தேன்.
அறைக்கு ஒரு மரம்.
நீல மரம், கிளைக்குள் கிளை,
யாரும் நடாத தோப்பு ஒன்று
நூலளவு வேருக்குள்.

இரவு எட்டே முக்காலுக்கு வீடு.
கையில் கேரி பேக், உள்ளே தொட்டி மண்.
தேசம்மா முகர்ந்து பார்த்தாள்.
"வெள்ளையா பூக்குமா இது?"
கண்ணுக்குத் தெரியாது என்றேன்.
"அப்போ இன்னும் மோசம்.
கருவாட்டாண்ட வைக்காத."

பெயின்ட் டப்பாவில் கொட்டிக்
குழாயடி ஜன்னலில் வைத்தேன்.
இரண்டு விதை.
எங்கள் குழாய்த் தண்ணீர்தான்.
எவ்வளவு உப்பு என்று
இதுவரை அளக்கவில்லை.